காற்று வகுக்கும் தூரம்

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பறக்கும் ஆகாய விமானங்களின் கால அட்டவணையைச் சற்று நிதானமாகப் படித்துப் பார்க்கிறவர்களுக்கு அதிலே ஒரு விநோதம் புலப்படாமற் போகாது. இரு நகரங்களின் கடிகாரங்களுக்கும் உள்ள ஐந்து மணி வித்தியாசத்தைச் சரிசெய்து கணக்கிட்டால், லண்டனிலிருந்து மேற்கு நோக்கிப் போகும் பிரயாணத்துக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரமும், நியூயார்க்கிலிருந்து கிழக்கு நோக்கித் திரும்பும் பிரயாணத்துக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரமும் குறித்திருப்பது தெரியவரும். நகரங்கள் இடம் பெயர்வதில்லை. இடையிலே கிடக்கும் அட்லாண்டிக் சமுத்திரமும் காலையில் விரிந்து மாலையில் சுருங்குவதில்லை. போன விமானமேதான் பெரும்பாலும் திரும்பியும் வருகிறது. அப்படியிருக்க, போவதற்கு ஒரு காலமும் வருவதற்கு ஒரு காலமும் ஏன்? இந்தக் கேள்விக்கு விடை காணப் புறப்பட்டால், பூகோள சாஸ்திரத்தையும் கணிதத்தையும் வாயு மண்டல ஆராய்ச்சியையும் ஒருங்கே நாட வேண்டியிருக்கிறது, "இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் எவ்வளவு தூரம்?" என்று நாம் தினந்தோறும் கேட்கும் கேள்வியே ஆகாயத்தில் ஏறியவுடன் வேறு பொருள் கொண்டுவிடுகிறது என்பதும் அப்போது விளங்கும்.

முதலில் பலருடைய மனத்திலும் தானாகவே எழும் ஒரு விடையைப் பரிசீலித்துவிடுவோம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. எனவே விமானம் ஆகாயத்தில் இருக்கும் நேரத்தில் அதன் அடியிலே பூமி நகர்ந்துவிடுகிறது. கால வித்தியாசத்துக்கு அதுவே காரணம் என்பது அந்த விடை. ஆனால், அடியிலே பூமி நகர்வது உண்மையானால், லண்டனிலிருந்து மேற்கே கிளம்பும் விமானத்தை நோக்கி நியூயார்க் நகரமே எதிர்கொண்டு வரவேண்டும். மேற்குப் பிரயாணந்தான் குறுகியதாக இருக்கவேண்டும். நடப்பதோ அதற்கு நேர் விரோதமாக இருக்கிறது. நியூயார்க் அமைந்திருக்கும் அட்சரேகையில் பூமியின் மேற்பரப்பு மணிக்குச் சுமார் 1,270 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுழன்றுகொண்டிருக்கிறது என்பது மெய்தான். ஆயினும் அந்த வேகத்தில் விமான நிலையமும், அதன் ஓடுபாதையில் நிற்கும் விமானமும், அதைச் சூழ்ந்திருக்கும் காற்றும் எல்லாம் சேர்ந்தே பங்கு கொள்கின்றன. தரையை விட்டு எழும் விமானம் அந்தப் பங்கைத் தரையிலேயே விட்டுவிட்டு எழுவதில்லை. ஆகவே இந்த விடையை ஒதுக்கிவிடலாம். ஒதுக்கினாலும் பூமியின் சுழற்சி இந்த விஷயத்தில் வேறொரு வாயிலாகத் திரும்ப வந்து சேரப் போகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

தூரத்தை அளப்பது எப்படி என்பதை இனிப் பார்ப்போம். 1927-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தன்னந்தனியாக எங்கும் இறங்காமல் பறந்துவிடுவது என்று சங்கற்பம் செய்துகொண்ட சார்லஸ் லிண்ட்பர்க் என்ற இளைஞர், தமக்கான விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்த சான் டியேகோ நகரத்தில், அதன் நிர்மாணப் பொறியாளரான டொனால்ட் ஹாலுடன் பொது நூல் நிலையத்துக்குச் சென்றார். எத்தனை மைல் பறக்கவேண்டும் என்பது தெரிந்தால்தான் எத்தனை பெட்ரோல் வேண்டும் என்பது தெரியும். எத்தனை பெட்ரோல் என்பது தெரிந்தால்தான் இறக்கையின் நீளத்தை நிச்சயிக்கலாம். நூல் நிலையத்தில் இருந்த பூகோள உருண்டையின்மீது, மளிகைப் பொட்டலம் கட்டும் வெள்ளை நூல் ஒன்றை நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை இழுத்துப் பிடித்து, அந்த நீளத்தை அளந்து, 3,600 மைல், அதாவது சுமார் 5,800 கிலோமீட்டர் என்று கண்டார்கள். உலகப் புகழ்பெற்ற ஒரு விமானத்தின் அளவுகள் இந்த நூலிலிருந்து பிறந்தவை என்று எண்ணும்போது எனக்கு உள்ளம் சிலிர்க்கிறது.

வீட்டில் பூகோள உருண்டை வைத்திருக்கிறவர்கள் எவரும் இதைச் செய்து பார்க்கலாம். லண்டனில் ஒரு விரலையும் நியூயார்க்கில் ஒரு விரலையும் வைத்து, இடையே நூலைத் தளர்வில்லாமல் இழுத்துப் பிடித்தால், அது நாம் எதிர்பார்க்கிற இடத்தின் வழியே போகாது. நியூயார்க் ஏறக்குறைய 40.6 பாகை வட அட்சத்திலும், லண்டன் 51.5 பாகை வட அட்சத்திலும் இருக்கின்றன. எனவே வழி முழுவதும் இந்த இரண்டு எல்லைகளுக்கு உட்பட்டே இருக்கும் என்று நாம் நினைப்போம். நூலோ நியூயார்க்கிலிருந்து வடகிழக்காகக் கிளம்பி, நோவா ஸ்கோஷியாவையும் நியூஃபவுண்ட்லாந்தையும் தொட்டுக்கொண்டு, நடுக்கடலில் லண்டனுக்கும் வடக்கே 53.7 பாகை வரை உயர்ந்து, அங்கே நேர்க்கிழக்காகத் திரும்பி, பிறகு அயர்லாந்தின் வழியாகத் தென்கிழக்குச் சாய்வில் இறங்கி லண்டனை அடைகிறது. பூமியின் மையத்தின் வழியாக வெட்டினால் உண்டாகும் பெருவட்டத்தின் ஒரு துண்டே இந்த நூல். ஓர் உருண்டையின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே இதைவிடக் குறுகிய வழி கிடையாது. அதன் நீளம், பூமியைச் சுத்தமான கோளமாகப் பாவித்தால், சுமார் 5,540 கிலோமீட்டர்.

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தேசப்படத்தில் இதே இரண்டு நகரங்களுக்கு இடையே அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தால், வேறொரு வழி கிடைக்கிறது. 1569-ஆம் ஆண்டில் கெரார்டஸ் மெர்கேட்டர் வகுத்த முறையில் வரையப்பட்ட படமாக அது இருக்குமானால், அந்தக் கோட்டின் வழியே செல்கிறவன் ஆரம்பம் முதல் இறுதி வரை திசைகாட்டியை ஒரே பாகையில், நமது உதாரணத்தில் வடக்கிலிருந்து 78 பாகை கிழக்காக, வைத்துக்கொண்டே போகலாம். பாய்மரக் கப்பல்களின் காலத்தில் மாலுமிகளுக்கு அது செய்த உபகாரம் மகத்தானது. ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. அந்த வழியின் நீளம் சுமார் 5,760 கிலோமீட்டர். குறுகிய வழியில் போக விரும்புகிறவன், வழி நெடுகத் திசையை மாற்றிக்கொண்டே போகவேண்டும். லிண்ட்பர்க் அதைத்தான் செய்தார். பெருவட்டப் பாதையை 100 மைல் நீளமுள்ள துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் எந்தத் திசையில் திருப்பவேண்டும் என்பதை முன்கூட்டியே படத்தில் குறித்துக்கொண்டு, ஏறத்தாழ மணிக்கு ஒரு முறை திசைகாட்டியைச் சிறிது சிறிதாக மாற்றி, முப்பத்து மூன்றரை மணி நேரத்தில் பாரிஸை அடைந்தார். இன்றைய விமானங்களில் இந்தத் திருத்தத்தை யந்திரம் ஓயாமல் செய்துவருகிறது, தத்துவம் ஒன்றேதான்.

பூமி சுத்தமான கோளமன்று என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மத்திய ரேகையில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டராகவும், துருவத்தில் 6,357 கிலோமீட்டராகவும் இருக்கிறது. இந்தத் தட்டையைக் கணக்கில் சேர்த்தால் லண்டன்–நியூயார்க் தூரம் 5,555 கிலோமீட்டராகச் சற்றே உயர்கிறது. பூமியின் இந்த உண்மை வடிவத்தை நிர்ணயிப்பதற்காக உலகில் நடந்த மகா முயற்சிகளுள் ஒன்று, நம்முடைய சென்னையை அடுத்த பரங்கிமலையின் அருகே, 1802-ஆம் ஆண்டில், வில்லியம் லாம்ப்டன் எஃகுச் சங்கிலியால் சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தபோது ஆரம்பமாயிற்று. அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த அளவையை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு போனார். தூரக் கணக்கில் பதினைந்து கிலோமீட்டர் வரையிலும் பிசகாமல் நாம் பேச முடிகிறது என்றால், வெயிலிலும் காட்டு ஜுரத்திலும் சங்கிலி பிடித்த அந்த மனிதர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

தூரம் தெரிந்துவிட்டது. அடுத்தது வேகம், இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில், உறைநிலைக்கு 56 பாகை கீழே குளிர்ந்திருக்கும் காற்றில், ஒலி மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க, விமானத்துக்கு முன்னால் இருக்கும் காற்று விலகிப் போக அவகாசமின்றி நெருக்குண்டு, எதிர்ப்பு திடீரென்று பெருகுவதால், பிரயாணி விமானங்கள் ஒலியின் வேகத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு அளவிலேயே, அதாவது மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்திலேயே நின்றுவிடுகின்றன. கான்கார்ட் என்ற விமானம் இந்த எல்லையைத் தாண்டி ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் பறந்து, 1996 பிப்ரவரி 7-ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து லண்டனை 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் அடைந்தது; 2003-இல் அது ஓய்வு பெற்றபின் அந்த அத்தியாயம் முடிந்துவிட்டது. மற்ற விமானங்களின் வேகம் ஜெட் யுகத்தின் தொடக்கத்திலிருந்து பெரிதாக உயரவில்லை. 1958 அக்டோபர் 4-ஆம் தேதி அட்லாண்டிக்கின் மேல் முதன்முதலாக ஜெட் விமானப் பிரயாணி சேவை ஆரம்பமான தினத்தில், நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட காமெட் விமானம் ஆறேகால் மணிக்கும் குறைந்த நேரத்தில் லண்டனுக்கு வந்துவிட்டது. அதே தினத்தில் லண்டனிலிருந்து புறப்பட்ட மற்றொரு காமெட், நியூஃபவுண்ட்லாந்தின் காண்டர் விமான நிலையத்தில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு நியூயார்க் சேருவதற்கு 10 மணி 22 நிமிடம் ஆயிற்று.

இந்த இரண்டு காமெட்டுகளின் கதையும் புதிதன்று. 1919 ஜூன் மாதத்தில் அட்லாண்டிக்கை முதன்முதலாக இடைநில்லாது விமானத்தில் கடந்த ஆல்காக்கும் பிரௌனும், தங்கள் விமானத்தைப் பிரித்துக் கப்பலில் ஏற்றி நியூஃபவுண்ட்லாந்துக்குக் கொண்டு போய், அங்கிருந்து கிழக்கு நோக்கியே பறந்து, பதினாறு மணி நேரத்துக்குள் அயர்லாந்தை அடைந்தார்கள். தாயகத்திலிருந்தே மேற்கே பறந்திருக்கலாமே என்று தோன்றும். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்றை முதுகுப்புறமாக வாங்கிக்கொள்வதற்காகவே அந்த ஏற்பாடு. எதிர்த் திசையில், அயர்லாந்திலிருந்து வட அமெரிக்காவுக்கு, இடைநில்லாமல் ஒரு விமானம் போய்ச் சேருவதற்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. 1928 ஏப்ரலில் அதைச் சாதித்த 'பிரெமென்' விமானம், வழி தவறிய நேரமும் சேர்த்து, முப்பத்தாறு மணி நேரத்துக்கும் மேலாகக் காற்றோடு போராடிக் கானடாவின் ஒரு சிறு தீவில் இறங்கியது. ஆகவே நமது கேள்விக்கு விடை காற்றில் இருக்கிறது என்பது அந்நாளிலேயே தெரிந்த விஷயந்தான். ஆனால் அவர்கள் அறிந்திருந்தது தாழ்ந்த உயரத்துக் காற்றை. அதற்கு வெகு மேலே, மலைச் சிகரங்களுக்கும் எட்டாத உயரத்தில், ஒரு மகா பிரவாகம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை உலகத்தில் பெரும்பாலோர் அறியவில்லை.

ஒருவர் அறிந்திருந்தார். ஜப்பானில், டோக்கியோவுக்கு வடகிழக்கே உள்ள டடெனோ என்ற இடத்தில் அமைந்த மேல்வாயு ஆராய்ச்சி நிலையத்தின் முதல் தலைவரான வஸபுரோ ஊஇஷி என்பவர், 1920-களில், ஹைட்ரஜன் நிரப்பிய சிறு பலூன்களைப் பறக்கவிட்டு, தியோடலைட் என்னும் கோணமானியின் தொலைநோக்கியால் அவற்றைப் பின்தொடர்ந்தார். பலூன் நிமிடத்துக்கு எத்தனை அடி மேலே ஏறும் என்பது முன்பே தெரியும். அது தெரிகிற உயரக் கோணத்தையும் திசைக் கோணத்தையும் நிமிடத்துக்கு ஒரு தரம் குறித்துக்கொண்டே வந்தால், ஒவ்வொரு உயரத்திலும் காற்று எந்தப் பக்கமாக எவ்வளவு வேகத்தில் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது என்பதை எளிய கணிதத்தால் வருவித்துவிடலாம். 1924 டிசம்பர் 2-ஆம் தேதி, ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில், பலூன் மேற்கிலிருந்து விநாடிக்குச் சுமார் 70 மீட்டர் வேகத்தில் அடித்துக்கொண்டு போவதை அவர் கண்டார். அதாவது மணிக்கு 250 கிலோமீட்டர். ஒரு நாள் கண்டதோடு நிற்காமல், ஆயிரத்துக்கு மேற்பட்ட பலூன்களைத் தொடர்ந்து பறக்கவிட்டு, குளிர்காலத்தில் இந்தக் காற்று நிலையாகவே அங்கு வீசுகிறது என்பதை நிலைநாட்டினார்.

தாம் கண்ட உண்மை தேச எல்லைகளைக் கடந்து எல்லோருக்கும் எட்டவேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு, அவர் 1926-இல் தம் அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற சர்வதேசச் செயற்கை மொழியில் வெளியிட்டார். வெளிநாட்டு விஞ்ஞானிகளில் அதைப் படித்தறிந்தவர்கள் மிகச் சிலரே. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1944 நவம்பர் 24-ஆம் தேதி, டோக்கியோவின் மேல் மிக உயரத்தில் பறந்து வந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள், மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்றிலே சிக்கி, குறி வைத்த இடத்தில் குண்டு போட இயலாமல் தடுமாறியபோதுதான், அந்தப் பிரவாகத்தின் வலிமை அமெரிக்கர்களுக்கு அனுபவத்தில் தெரியவந்தது. அதே மாதத்திலே ஜப்பானியப் படையினர், ஊஇஷி கண்டறிந்த காற்றையே வாகனமாகக் கொண்டு, தீக்குண்டுகளைக் கட்டிய ஆயிரக்கணக்கான காகிதப் பலூன்களைப் பசிபிக் சமுத்திரத்தின் மேலாக அமெரிக்காவுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். எல்லோரையும் ஒன்றுபடுத்தும் மொழி என்று நம்பி ஒரு விஞ்ஞானி எழுதி வைத்த உண்மையை மக்கள் யுத்தத்தின் மூலமாகவே கற்றுக்கொள்ள நேர்ந்தது மிகவும் வேதனை தருவது.

தாரைக் காற்று என்று இன்று நாம் குறிப்பிடும் இந்தப் பிரவாகம் ஏன் உண்டாகிறது? உஷ்ண மண்டலத்தில் காற்று சூடேறி விரிந்து உயர்ந்து நிற்கிறது. துருவப் பிரதேசத்திலோ குளிர்ந்து சுருங்கித் தாழ்ந்து கிடக்கிறது. ஆகையால் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் நின்று பார்த்தால், தெற்கே அழுத்தம் மிகுதியாகவும் வடக்கே குறைவாகவும் இருக்கும். காற்று தெற்கிலிருந்து வடக்கே பாய முற்படும். இங்கேதான் பூமியின் சுழற்சி தன் வேலையைக் காட்டுகிறது. சுழலும் பூமியின் வட பாதியில், நகரும் பொருள் எதுவும் வலப்பக்கமாகத் திரும்பும் இயல்புடையது. எனவே வடக்கே கிளம்பிய காற்று மெல்ல மெல்ல வலமாகத் திரும்பி, முடிவில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் நதியாகிவிடுகிறது. வெப்பமும் குளிரும் மிகக் குறுகிய இடைவெளியில் சந்திக்கும் இடத்தில் அந்த நதியின் வேகமும் மிகுதி. குளிர்காலத்தில் துருவம் இருளில் மூழ்கி இன்னும் குளிரும்போது அது இன்னும் மிகுதி. வட அட்லாண்டிக்கில் அந்தச் சந்திப்பு நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட அட்சங்களில், நாம் நூல் பிடித்து அளந்த பாதையின் மேலேயே பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. பூமி நகர்ந்து ஊர்களை அருகே கொண்டு வருவதில்லை என்று முன்பே கண்டோம். அதன் சுழற்சியோ காற்றைத் திருப்பிவிட்டு, அந்தக் காற்றின் வழியாகவே பிரயாண காலத்தை நிர்ணயிக்கிறது.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விமானத்தின் வேகம் காற்றைச் சார்ந்து மணிக்கு 900 கிலோமீட்டர். மேற்கிலிருந்து வீசும் காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே வரும்போது தரையைச் சார்ந்த வேகம் 1,000. 5,540 கிலோமீட்டரைக் கடக்க 5 மணி 32 நிமிடம் ஆகும். மேற்கே போகும்போது அது 800. ஆகும் காலம் 6 மணி 55 நிமிடத்துக்குச் சற்று மேல். அட்டவணையில் நாம் கண்ட வித்தியாசத்துக்கும் காரணம் இந்தக் காற்றே. போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடுகிறோம், ஆகவே மொத்தத்தில் நஷ்டமில்லை என்று யாரும் எண்ணிவிடலாகாது. காற்றே இல்லாத நாளில் போக வர இரண்டுக்கும் சேர்த்து 12 மணி 19 நிமிடம். நமது காற்று வீசும் நாளில் 12 மணி 28 நிமிடம். காற்றின் வேகம் இரட்டித்து 200 ஆகுமானால், 12 மணி 57 நிமிடம். ஏனென்றால், உதவி செய்யும் காற்றில் விமானம் சீக்கிரமாகவே பிரயாணத்தை முடித்துவிடுவதால் அந்த உதவியைச் சிறிது நேரமே அனுபவிக்கிறது. எதிர்க்கும் காற்றிலோ நெடுநேரம் தங்கிப் பாடுபடுகிறது. ஆகையால் நிலையான காற்று எந்தப் பக்கமிருந்து வீசினாலும், போய் வரும் பிரயாணத்தின் மொத்தக் காலத்தை அதிகரிக்கவே செய்யும். இந்தச் சிறு கணக்கில் உள்ள அழகை ஒரு முறை கண்டுகொண்டவர்களுக்கு அது மறக்காது.

இதைவிட முக்கியமான பொருள் ஒன்றும் அந்தக் கணக்கிலே அடங்கியிருக்கிறது. கிழக்கே வந்த விமானம், மணிக்கு 900 கிலோமீட்டர் வீதம் 5 மணி 32 நிமிடத்தில், ஏறத்தாழ 4,990 கிலோமீட்டர் நீளமுள்ள காற்றைத்தான் துளைத்துக்கொண்டு வந்தது. மேற்கே சென்றதோ ஏறத்தாழ 6,230 கிலோமீட்டர் காற்றைத் துளைத்தது. எண்ணெய் செலவாவது தரையில் கிடக்கும் தூரத்துக்கன்று. துளைத்த காற்றின் தூரத்துக்கே. விமானத்தைச் செலுத்துகிறவர்களுக்கும் அதன் பிரயாணத்தைத் திட்டமிடுகிறவர்களுக்கும் உண்மையான தூரம் இதுதான். பூகோள உருண்டையின் மேல் நூல் காட்டிய 5,540 என்பது, காற்று முற்றிலும் அசைவற்றிருக்கும் ஒரு கற்பனை நாளுக்கு மட்டுமே பொருந்தும். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், எந்தப் பக்கமாக, எந்த நாளில் என்று திருப்பிக் கேட்பதே சரியான விடையின் தொடக்கமாகும்.

அப்படியானால் காற்றிலே மிகக் குறுகிய வழி எது? 1931-ஆம் ஆண்டில், கணங்களைப் பற்றிய கணித ஆராய்ச்சிகளால் பெயர் பெற்றிருந்த எர்ன்ஸ்ட் ஸெர்மலோ என்ற ஜெர்மானியக் கணித மேதை இந்தப் பிரச்னையை எடுத்துக்கொண்டார். இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறும் காற்றினூடே, மாறாத வேகமுடைய ஒரு வானூர்தி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் குறைந்த காலத்தில் சேர வேண்டுமானால், கணத்துக்குக் கணம் அதன் முகத்தை எப்படித் திருப்பவேண்டும் என்பதற்கு அவர் ஒரு சமன்பாடு கண்டார். அதன் சாரம் வருமாறு: காற்று சீராக இருக்கும் வரையில் முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை, ஒரு பக்கத்தில் காற்று வலுத்தும் மறுபக்கத்தில் தளர்ந்தும் இருக்கும் இடங்களில், அந்த வித்தியாசத்தின் அளவுக்கேற்பத் திருப்பவேண்டும். கிழக்கே வரும் விமானம் தாரைக் காற்றின் நடுவே போய்ப் புகுந்துகொள்வதும், மேற்கே போகும் விமானம் அதை ஒதுக்கி வடக்கே கிரீன்லாந்தை நோக்கியோ தெற்கேயோ விலகிச் செல்வதும் இந்தச் சமன்பாட்டின் தீர்ப்புகளே. இருநூறு முந்நூறு கிலோமீட்டர் சுற்றிப் போய், நேரே போனவரைவிட முன்னதாகச் சேருவது ஆகாயத்தில் அன்றாட நிகழ்ச்சி.

அட்லாண்டிக்கின் மேல் இது ஒவ்வொரு விமானமும் தன் விருப்பம்போல் செய்துகொள்ளும் காரியமாக விடப்படவில்லை. நடுச் சமுத்திரத்தில் தரையிலிருந்து இயங்கும் ரேடார்களின் பார்வை எட்டாது. நூற்றுக்கணக்கான விமானங்களோ காற்று எங்கே அனுகூலமாக இருக்கிறதோ அங்கேயே கூடுகின்றன. ஆகவே, ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கும் அயர்லாந்தின் ஷானனும் சேர்ந்து 'ஷான்விக்' என்ற பெயரால் நடத்தும் கட்டுப்பாட்டு நிலையமும், கானடாவின் காண்டர் நிலையமும், அன்றன்றைய காற்றின் முன்னறிவிப்பை வைத்துக்கொண்டு, நாள்தோறும் இரண்டு முறை, சமுத்திரத்தின் மேல் இணையான சில பாதைகளை வகுத்து அறிவிக்கின்றன. ஐரோப்பாவிலிருந்து பகலில் மேற்கே போகும் விமானங்களுக்கு ஷான்விக்கும், அமெரிக்காவிலிருந்து இரவில் கிழக்கே வரும் விமானங்களுக்குக் காண்டரும் இந்தப் பணியைச் செய்கின்றன. மேற்குப் பாதைகளுக்கு ஏ, பி, சி என்று ஆங்கில நெடுங்கணக்கின் ஆரம்ப எழுத்துக்களும், கிழக்குப் பாதைகளுக்கு இஸட், ஒய், எக்ஸ் என்று இறுதி எழுத்துக்களும் பெயராக அமைகின்றன. ஒவ்வொரு பாதையும், பத்துப் பத்துத் தீர்க்கரேகைப் பாகைகளுக்கு ஒரு புள்ளியாக, இருபது பாகை மேற்கில் இன்ன அட்சம், முப்பதில் இன்ன அட்சம் என்று சில எண்களால் குறிக்கப்படுகிறது. மறுநாள் காற்று இடம் மாறினால் அந்த எண்களும் மாறுகின்றன. நாள்தோறும் இரண்டு முறை அழித்து எழுதப்படும் இந்த ராஜபாட்டைகளைக் காட்டிலும் மனித அறிவின் நுட்பத்துக்கு அழகிய சான்று வேறு உண்டா என்று நான் பல சமயம் எண்ணியதுண்டு.

காற்று தன் முழு வலிமையையும் காட்டினால் என்ன ஆகும் என்பதை 2020 பிப்ரவரி 8-ஆம் தேதி இரவு உலகம் கண்டது. சியாரா என்று பெயரிடப்பட்ட புயல் பிரிட்டனை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே தாரைக் காற்று அசாதாரண வேகத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 விமானம் ஒன்று அந்தப் பிரவாகத்தில் புகுந்து, தரையைச் சார்ந்து மணிக்கு 1,327 கிலோமீட்டர் வரை வேகம் பெற்று, 4 மணி 56 நிமிடத்தில் ஹீத்ரோவில் இறங்கியது. ஒலிக்கு மேற்பட்ட வேகத்தில் பறக்காத பிரயாணி விமானங்களில் இவ்வளவு குறைந்த நேரத்தில் அந்த வழியை அதற்கு முன் எதுவும் கடந்ததில்லை. தரையிலிருந்து அளந்த வேகம் ஒலியின் வேகத்தைத் தாண்டியிருந்தும் விமானம் ஒலித் தடையை உடைக்கவில்லை. அதைச் சுற்றியிருந்த காற்றைச் சார்ந்து பார்த்தால் அது வழக்கமான வேகத்திலேதான் பறந்தது. உள்ளே அமர்ந்திருந்தவர்களுக்கு அந்த இரவின் வேகம் தெரிந்திருக்க வழியே இல்லை.

அட்டவணையில் அச்சிடும் காலம் ஆகாயத்தில் கழியும் காலம் மட்டுமன்று என்பதையும் பிரயாணிகள் தெரிந்துகொள்ளலாம். நிறுத்துமிடத்தில் சக்கரத்துக்கு அடைகொடுத்த கட்டைகளை எடுப்பது முதல், சேருமிடத்தில் மறுபடியும் அவற்றை வைப்பது வரை உள்ள முழு நேரமும் அதில் அடங்கும். ஓடுபாதையை நோக்கி வரிசையில் ஊர்ந்து செல்வதும், ஹீத்ரோவை நெருங்கி இறங்கும் முறை வரும் வரை போவிங்டன், லாம்போர்ன், பிகின், ஆக்கம் என்ற நான்கு இடங்களில் ஏதேனும் ஒன்றின் மேல் வட்டமிட்டுக் காத்திருப்பதும் அதில் சேர்ந்தவையே.

பாரதத்துக்கு நேரிடையாகச் சம்பந்தமுள்ள ஓர் உதாரணமும் உண்டு. தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேலாகப் பறந்துகொண்டிருந்த ஏர் இந்தியா விமானத்தை, 2016 அக்டோபரில், அந்த நிறுவனத்தார் எதிர்ப் பக்கமாக, கிழக்கே பசிபிக்கின் மேலாகத் திருப்பினார்கள். பழைய வழியின் நீளம் சுமார் 13,900 கிலோமீட்டர். புதிய வழியோ சுமார் 15,300 கிலோமீட்டர். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும், பதினான்கரை மணி நேரத்தில், பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாகவே விமானம் போய்ச் சேர்ந்தது. ஊஇஷியின் பலூன்களை அடித்துச் சென்ற அதே ஜப்பானியக் காற்று, இப்போது தில்லிப் பிரயாணிகளைப் பசிபிக்கின் அக்கரையில் கொண்டு சேர்த்தது.

இந்தக் காற்றும் என்றென்றைக்கும் இன்றிருப்பது போலவே இருக்கும் என்பதற்கில்லை. இங்கிலாந்தில் ரெடிங் சர்வகலாசாலையைச் சேர்ந்த பால் வில்லியம்ஸ் என்ற வாயு மண்டல விஞ்ஞானி, கரியமில வாயுவின் அளவு இரட்டித்தால் வட அட்லாண்டிக்கின் தாரைக் காற்று எவ்வாறு மாறும் என்பதைக் கணிப்பொறியின் உதவியால் கணித்து, அந்தக் காற்றினூடே நாம் எடுத்துக்கொண்ட இதே லண்டன்–நியூயார்க் விமானங்களைக் குறைந்த கால வழிகளில் பறக்கவிட்டுப் பார்த்து, 2016-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேல் காற்று வலுக்கிறது. கிழக்கே வரும் பிரயாணம் குறுகுகிறது. மேற்கே போகும் பிரயாணம் நீள்கிறது. நாம் மேலே போட்ட கணக்கின்படியே, குறைவதைக் காட்டிலும் நீள்வது அதிகமாக இருக்கிறது. ஒரு விமானம் போய் வருவதற்கு ஒன்றேகால் நிமிடம் போலத்தான் அது கூடும்; ஆனால் ஓர் ஆண்டில் அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பார்த்தால், அவை இன்று பறப்பதைவிட இரண்டாயிரம் மணி நேரம் கூடுதலாக ஆகாயத்தில் இருக்க வேண்டிவரும் என்றும், அந்த நேரத்துக்கு எரியும் எண்ணெயிலிருந்து மேலும் கரியமில வாயு அதே காற்றில் போய்க் கலக்கும் என்றும் அவருடைய கணிப்பு காட்டுகிறது.